சிறுநகரும் மின்னேற்ற நிலையமும்

வழிச்செல்வோர்க்கு உதவுதலை நம் முன்னோர் பேரறமாகப் போற்றினர். சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், தாகம் தணிக்கத் தண்ணீர்ப்பந்தலும், இரவில் தங்கச் சத்திரமும் அமைத்தனர். 1689ஆம் ஆண்டு முதல் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றார். இக்காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் ஊர்திகள் பெருகி வருகின்றன. அவற்றிற் செல்வோர்க்கு வழித்துணையாவது பொது மின்னேற்ற நிலையமாகும்.

வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளும் பெருநகரத்தார்க்கு அந்நிலையத்தின் தேவை மிகுதியன்று. நெடுந்தொலைவு செல்வோரோ இடைவழியிலுள்ள சிறுநகரையே நம்பியுள்ளனர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 40 யூனிட் மின்சாரம் கொள்ளும் மின்கலத்தை உடைய காரொன்று 250 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்வோம். அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து உளுந்தூர்ப்பேட்டையை அடையும்போது, எஞ்சிய மின்சாரம் 50 கிலோமீட்டருக்கே போதும். அங்குள்ள நிலையம் பழுதுற்றிருப்பின், முன்னே பெரம்பலூரை அடைதல் இயலாது. பின்னே விழுப்புரத்திற்கே திரும்புதல் வேண்டும். காரில் நோயாளி ஒருவர் இருப்பின் அவர் நிலை என்னாகும்?

மின்னேற்றம் இருவகைப்படும். வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். மின்கலம் ஏற்பது நேர்திசை மின்னோட்டம். ஊர்தியினுள் உள்ள சிறு கருவியே அதனை மாற்றிக்கொள்வது மெதுவான முறை. ஒரு கிலோவாட் ஆற்றலை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட் செலவாகும். ஆதலின், 3.3 கிலோவாட் வீதம் ஏற்றினால் 40 யூனிட் நிறையப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நிலையமே மின்னோட்டத்தை மாற்றி நேரே மின்கலத்தில் செலுத்துவது விரைவு முறை. 50 கிலோவாட் நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பணி முடியும். வழிச்செல்வோர்க்கு ஏற்றது இதுவே.

ஆயினும், 50 கிலோவாட் என்பது, வீட்டிற்கு 5 கிலோவாட்டாகப் பத்து வீடுகள் ஒரே வேளையில் பயன்படுத்தும் ஆற்றலுக்கு ஒப்பாகும். சிறுநகரின் மின்மாற்றி இச்சுமையைத் தாங்கவல்லதா என முன்னரே ஆராய்தல் வேண்டும்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமேனும் அமைய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் இந்திய அரசின் மின் அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. எனினும், நிலையம் நாட்டப்படுதல் வேறு; பயன்படுதல் வேறு. கருவி பழுதின்றி இயங்க வேண்டும்; இரவிலும் திறந்திருக்க வேண்டும்; இணைப்பு முனை ஊர்திக்குப் பொருந்த வேண்டும்; ஒன்று பழுதுறின் உதவ மற்றொன்று அருகிருக்க வேண்டும். நீர் வற்றிய கிணறு வழிப்போக்கனுக்கு என்ன பயன் தரும்?

மாணவர்களே! நிலையத்தைக் காத்தலில் ஊராருக்கும் பங்குண்டு. மின்னேற்றாத ஊர்திகளை அதன்முன் நிறுத்தலாகாது. மின்னேறியதும் பிறர்க்கு இடம்விட்டு அகலுதல் வேண்டும். பழுது கண்டால் உரியவர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும். பொதுப்பொருளைத் தம் பொருள்போற் பேணும் ஊரை, வழிச்செல்வோர் நன்றியோடு நினைப்பர்.