ஆறு புள்ளிகளில் அகரமும் அலிஃபும்

பாக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா கலாசாலையில் ஆசிரியராக விளங்கிய ஜைனுத்தீன் அல்-ஆமிதீ, கண்பார்வை அற்றவர். நூல் வணிகமும் செய்தவர். ஒரு நூல் கைக்கு வந்ததும் சிறு காகிதத்தைத் திரியாக முறுக்கி, எழுத்து வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டிவைப்பார். அவ்வெழுத்தின் எண்மதிப்பே நூலின் விலை. விலை மறந்தால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளைத் தொகுத்த ஸலாஹுத்தீன் அஸ்-ஸஃபதீ (இறப்பு 1363) இதனைப் பதிவுசெய்துள்ளார். லூயி பிரெய்ல் 1809இல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

எழுத்து கண்ணுக்கு மட்டும் உரியதன்று, விரலுக்கும் உரியது. ஆனால் நம் பகுதிகளில் பார்வையற்ற குழந்தைக்கு எழுத்து அவசியமா என்ற வினா இன்று மீண்டும் எழுகிறது. கைப்பேசி எல்லாவற்றையும் படித்துக் காட்டும்போது பிரெய்ல் எதற்கு என்கின்றனர் பெற்றோர். கேட்டறிவது கல்வியின் ஒரு பாதியே என்பதைத் தமிழ் மொழியே உணர்த்துகிறது. நகரமும் னகரமும் நம் காதில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தஞ்சை வட்டாரப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடுகிறது. செவி ஒன்றையே நம்பிய குழந்தை இவற்றைப் பிரித்து எழுதுவது எங்ஙனம்?

தமிழகத்தில் பார்வையற்றோர் கல்விக்குப் பழைமையான மரபு உண்டு. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் அப்பணியைத் தொடங்கினார். தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. எனினும் பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளே முக்கியமானவை. பார்வையுள்ள குழந்தை பேருந்தின் பெயர்ப்பலகையிலும் தீப்பெட்டியிலும் எழுத்தைக் கண்டு பழகியபின் பள்ளிக்கு வருகிறது. பார்வையற்ற குழந்தைக்கு எழுத்து தானாக எதிர்ப்படுவதில்லை. அதனைக் கொண்டுபோய்க் கையில் வைக்க வேண்டும். குழந்தையின் கை விரும்பிச் செல்வதோ விளையாட்டிற்கே.

இதனை உணர்ந்தே லெகோ நிறுவனம் 2020இல் பிரெய்ல் கட்டைகளை வெளியிட்டது. கட்டையின் மேலுள்ள குமிழ்களே எழுத்தாகின்றன. பெங்களூரில் உருவான 'ஆனி' என்னும் கருவி, குரல்வழி பாடம் சொல்லி விளையாட்டாகப் பயிற்றுகிறது. இவை கிடைக்காத இல்லத்திற்கும் வழியுண்டு. நம் பாட்டிமாரின் பல்லாங்குழியே போதுமானது.

பிரெய்ல் எழுத்து ஒவ்வொன்றும் ஆறு புள்ளிகளுக்குரிய இடத்தில் அமைகிறது: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. பல்லாங்குழியைக் குழந்தையின் முன் நெடுக்காக வைத்தால் இரு வரிசைக் குழிகள் இடமும் வலமுமாக அமையும். ஒவ்வொன்றிலும் மூன்று குழிகளை விட்டு, மற்றவற்றைத் துணியால் மூடிவிடலாம். இடப்பக்கத்து மேற்குழியில் ஒரு புளியங்கொட்டை இட்டால் அகரம். இடப்பக்கம் மூன்றும் நிறைந்தால் 'ல'. வலப்பக்கம் மூன்றும் நிறைந்தால் 'ள'. ழகரத்திற்கு நான்காம் குழி மட்டும் வெறுமையாகும். ஒருவர் இட, மற்றவர் தடவிச் சொல்வதே ஆட்டம். காது குழப்பியதைக் கை பிரித்தறிகிறது.

அடுத்த படியாக, சம்பா அறுவடைக்குப் பின் டெல்டா வயல்களில் விளையும் பச்சைப் பயறு உதவும். தடித்த அட்டையில் பயற்றை எழுத்து வடிவில் ஒட்டிச் சீட்டுகள் செய்து, ஒத்த சீட்டுகளை இணை சேர்க்கச் சொல்லலாம். பெருங்குழியிலிருந்து பயற்றுக்கும், பயற்றிலிருந்து அரை மில்லிமீட்டர் உயரமே உள்ள காகிதப் புள்ளிக்கும் விரல் படிப்படியாகக் கூர்மை பெறும். விதைகளை வாயிலிடும் வயதினர்க்குப் பெரியோர் துணை இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது 1951இல். அதே ஆண்டில் பெய்ரூத்தில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு அரபு முதலிய மொழிகளின் பிரெய்ல் ஒருமைக்கு வழிவகுத்தது. இரண்டிலும் ஒத்த ஒலிக்கு, இயன்றவரை, லூயி பிரெய்லின் புள்ளிகளே தரப்பட்டன. அரபு பிரெய்லும் தமிழைப் போன்றே இடமிருந்து வலமாகவே செல்கிறது. எனவே நம் ககரமே காஃப், ரகரமே ரா, நகரமே நூன்.

டெல்டாவின் ஊர்களில் காலைதோறும் மக்தபுக்குச் செல்லும் பிள்ளைகளிடையே பார்வையற்ற பிள்ளையும் அமர்ந்து, ஓதுவதைக் கேட்டு மனனம் செய்கிறது. மற்றவர் மடியில் ஏடு இருக்கிறது; இதன் மடி வெறுமையாக இருக்கிறது. பிரெய்லில் அச்சிட்ட குர்ஆன் பிரதிகள் உலகில் உண்டு. அவற்றைத் தொட்டுப் படிக்கும் விரலையே நாம் உருவாக்கவில்லை. பல்லாங்குழியில் அ, ல, ம என்னும் மூன்றைக் கற்ற குழந்தையின் கையில் அப்பிரதியை வைப்போமாயின், அலிஃப், லாம், மீம் ஆகிய மூன்றையும் அது யார் துணையுமின்றிப் படித்துவிடும்.