கடலிலிருந்து குழாய்க்கு

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. தென்புறநகர்த் தெருக்களில் டேங்கர் லாரி நின்றதுமே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின.

ஏரியை நம்பாத இன்னொரு வழி கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதியுதவியுடன் அமைந்து 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் பகுதிகளுக்கு அந்த நீர் போகிறது.

அருகே பேரூரில் இன்னும் பெரிய ஆலை: நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர். 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு சுமார் 4,276 கோடி ரூபாய். கைகொடுப்பது ஜப்பானின் ஜைகா நிறுவனம். தாம்பரம் பகுதிக்கும் இந்த நீர் வரவேண்டும் என்பது திட்டம்.

இந்த வெளிநாட்டு நிதி இனாம் அல்ல, கடன். வட்டி குறைவு, தவணை நீண்டது. ஆனாலும் திருப்பிக் கட்டுவது நம் வரிப்பணம்தான். அதனால் கணக்குக் கேட்கும் உரிமை குடத்தோடு காத்திருப்பவருக்கு முழுமையாக உண்டு. பணக் கணக்கு மட்டுமல்ல: உப்பைப் பிரிக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். கடலுக்குத் திரும்பும் அடர் உப்புநீர் பற்றி மீனவர்கள் எழுப்பும் கவலைக்கும் பதில் வேண்டும்.