சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு மரம்



போன மாதம் நம் கம்ப்யூட்டர் அறையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் நெட் நின்றுபோனது ஞாபகம் இருக்கா? என் தோழி ஒருத்தி ஏதோ பண்ணிவிட்டாள் என்று நல்லா திட்டு வாங்கினாள். வைரஸ் என்றும் சிலர் சொன்னார்கள். அவள் செய்தது இவ்வளவுதான். தரையில் கிடந்த வயர் காலில் மாட்டுதே என்று, அதன் முனையைச் சுவிட்ச் பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகினாள். மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்திருக்கு! ரிப்பேர் பார்க்க வந்த அக்கா அதைப் பிடுங்கியதும் எல்லாம் சரியானது. எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஒரு வயர் எப்படி அத்தனையையும் நிறுத்தும்? இந்தச் சுவிட்ச் (லைட் சுவிட்ச் இல்லைங்க) கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி. எந்த ஓட்டையில் எந்தக் கம்ப்யூட்டர் என்று தபால்காரர் மாதிரி தெரிந்து வைத்திருக்கும். ஆனால் சில செய்திகள் எல்லோருக்கும் போக வேண்டியவை. அவற்றை, வந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பும். வயர் வட்டமாக இருந்தால் அனுப்பினதே திரும்பி வரும். பெட்டி அதைப் புதுசு என்று நினைத்து மறுபடி அனுப்பும். இத்தனை தடவைதான் சுற்றலாம் என்ற கணக்கு இந்தச் செய்திகளுக்குக் கிடையாது. அதனால் பெருகிப் பெருகி மற்ற எதற்கும் வழி இல்லாமல் போய்விடும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஒரு பெண்! அமெரிக்காவில் டெக் கம்பெனியில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன். 1985-இல் அவர் எழுதிய கட்டுரையில் உள்ள முறைக்கு ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். ட்ரீ என்றால் மரம். மரத்தில் ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு ஒரே வழிதானே, வட்டமே வராது. சுவிட்சுகள் 2 விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பி, மிகச் சிறிய எண் உள்ள சுவிட்சை வேராக வைத்துக்கொள்ளும். கூடுதல் வழியை அடைத்து வைக்கும். ஏதாவது வயர் அறுந்தால் அடைத்த வழி தானே திறக்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 விநாடி ஆகும். 2001-இல் வந்த வேக முறையில் சில விநாடி போதும்.

இதிலும் ஒரு தொல்லை இருக்கு. வழி மாறினால் எல்லாச் சுவிட்சுக்கும் அறிவிப்பு போகும். வழக்கமாக 300 விநாடி நினைவில் வைக்கும் முகவரியை, பழைய முறையில் 15 விநாடியிலேயே மறந்துவிடும். பிறகு வீடு தெரியாத தபால்காரர் எல்லா வாசலிலும் கூவுகிற கதைதான். ஒரு ஓட்டையில் வயர் லூசாக இருந்து விட்டு விட்டு வந்தால், அறிவிப்பும் திரும்பத் திரும்ப வந்து நெட் மந்தமாகும். அப்போது அறிவிப்பு எத்தனை தடவை வந்தது, கடைசியாக எந்த ஓட்டை வழியாக வந்தது என்று சுவிட்சிலேயே பார்க்கலாமாம். அந்த வயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுவிட்சுக்குப் போய் அங்கேயும் பார்க்கணும். இப்படியே போனால் லூசான முனை மாட்டிக்கொள்ளும். வெறும் கம்ப்யூட்டர் மாட்டிய ஓட்டை என்றால், அது ஆன் ஆஃப் ஆவதை அறிவிக்காதே என்று சுவிட்சுக்குச் சொல்லி வைக்கலாம்.

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீகனஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரியில், அளவுக்கு மீறி வளர்ந்த நெட்வொர்க்கில் இந்த மரக் கணக்கே குலைந்தது. நான்கு நாள் போல டாக்டர்கள் மருந்துச் சீட்டு எல்லாம் காகிதத்தில் எழுதினார்களாம்.

நம் பெட்டி விலை குறைந்தது, அதில் மரமே கிடையாது என்று அக்கா சொன்னாங்க. இப்போது அந்த வயரின் முனையை நூலால் கட்டி ஆணியில் மாட்டியிருக்கோம். முடிச்சுப் போட்டது என் தோழிதான்.