‘ஏன் எனக்கு மட்டும்?’ என்று கேட்காதீர்கள்!

1989 அக்டோபர் 17, மாலை 5.04 மணி. கலிஃபோர்னியாவை உலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் 63 பேர் பலி. அதற்கு 14 நாட்கள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 137 பேர் ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். ‘மனசு சரியில்லை என்றால் வேறு வேலையில் இறங்குவீர்களா, அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா?’ என்கிற ரகக் கேள்விகள். ஆய்வாளர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு கேட்டாலும் கிடைக்காது! பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை விசாரித்தார்கள். நினைத்து நினைத்து மருகும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வு தூக்கலாக இருந்தது.

சிகிச்சைக்கு வந்தபிறகும் இந்தப் பழக்கம் லேசில் விடாது. மாத்திரையால் தூக்கம் வரும், பசி எடுக்கும்; மருகல் மட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்றே ஒரு பேச்சு சிகிச்சை உண்டு. மருந்து சாப்பிட்டும் முழுதாகத் தேறாத 42 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த சோதனை 2011-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது? உதாரணத்துக்கு, மேலதிகாரி உங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார். ‘எல்லோரும் ஏன் என்னையே ஒதுக்குகிறார்கள்?’ என்று இரவெல்லாம் குடைந்தால் பதில் கிடைக்காது. ‘எத்தனை மணிக்கு? அவர் கையில் போன் இருந்ததா? நாளை என்ன கேட்கலாம்?’ என்று சிகிச்சையாளர் திருப்பிவிடுகிறார். மருகல் எப்போது தொடங்குகிறது, பாத்திரம் துலக்கும்போதா, விளக்கை அணைத்ததுமா என்று குறித்துவைத்து, அந்த நேரத்துக்கு மாற்று வேலையும் பேசிவைக்கிறார்கள்.

ஆழ்ந்து யோசிப்பதும் பிரச்னையைத் தீர்க்க உதவும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. ‘மனசுவிட்டுப் பேசு, சரியாகிவிடும்’ என்பதைத் தாரக மந்திரமாக்கிவிட்டோம். இரண்டு தோழிகள் ஒரே மனக்குறையைத் தினமும் போனில் மணிக்கணக்காகக் கிளறினால் நட்பு இறுக்கமாக இருக்கும், கூடவே சோர்வும் கூடுதலாக இருக்கும் என்று 2002-லேயே பள்ளி மாணவர்களிடம் கண்டிருக்கிறார்கள். இது ஆறுதல் இல்லை, இருவர் சேர்ந்து மருகுவது.

உங்களிடம் ஒருவர் நேற்றைய கதையையே நான்காம் முறை சொன்னால், ‘சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேளுங்கள். இரண்டு வாரமாகியும் சோர்வு விடவில்லை என்றால், பேச்சை நிறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்: 14416.