ஒரு காகிதக் கனம் போதும், காரியம் கெட!

வீட்டிலே தையல் மெஷின் வைத்துச் சம்பாதிக்கிற பெண்களை நமக்கெல்லாம் தெரியும். அப்பளம், வடாம், ஊறுகாய் போட்டு விற்கிறவர்களையும் தெரியும். கார் ஷெட்டிலோ மொட்டை மாடிக் கொட்டகையிலோ ஒரு மரவேலை மெஷினைப் போட்டுக்கொண்டு நடைவண்டி, கொலுப்படி, மணைப்பலகை, போட்டோ ஃபிரேம் என்று செய்து கொடுக்கிற குடும்பங்களும் அங்கங்கே உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. அறுப்பதும் பூட்டுவதும் என்னவர் வேலை. விளிம்பு உருட்டி, உப்புத்தாள் தேய்த்து, மெழுகு போட்டு மெருகேற்றுவது என் வேலை.

இந்த விளிம்பு உருட்டுகிற வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற குழந்தை, அதன் கைப்பிடியைக் கடிக்கும், நக்கும், அதிலேயே முகத்தை மோதிக்கொள்ளும். அந்த விளிம்பு மழமழவென்று ஒரே சீராக இருக்க வேண்டாமா? ஓர் இடத்திலே உருண்டும் இன்னோர் இடத்திலே கத்தி மாதிரி கூர்மையாகவும் இருந்தால் என்னாவது?

அதற்குத்தான் ரூட்டர் மெஷினும் அதை மாட்டி வைக்கிற மேஜையும். "மெஷின் நல்லதா வாங்கியாச்சு, மேஜையும் போட்டாச்சு, இன்னும் என்ன?" என்று கேட்பார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. மேஜையின் நடுவிலே மெஷினைத் தாங்குகிற தகடு. வேலை நன்றாக வருவதும், வேலை செய்பவரின் விரல் பத்திரமாக இருப்பதும் பெரும்பாலும் அந்தத் தகட்டின் கையில்தான் இருக்கிறது.

தகடு எதற்கு?

ரூட்டரைக் கையில் பிடித்து மரத்தின்மேல் ஓட்டலாம். ஆனால் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு அது சரிப்படாது. அதனால் மெஷினைத் தலைகீழாக மேஜைக்கு அடியில் தொங்கவிட்டு, பிட் என்கிற வெட்டும் முனை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைக்கிறார்கள். மரத்தை நாம் மேஜைமேல் வைத்துத் தள்ளினால், விளிம்பு தானாக உருண்டு வரும்.

மேஜைப் பலகை ஒன்றரை இஞ்சு கனம் இருக்கும். மெஷினை நேராக அதிலேயே முடுக்கினால் பிட்டின் பாதி உயரம் பலகைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகையால் பலகையில் ஒரு சதுரம் வெட்டி, மெல்லிய ஆனால் உறுதியான தகட்டை அதில் பதிக்கிறார்கள். பிட் மாற்ற வேண்டுமானால் தகட்டோடு மெஷினையும் அப்படியே மேலே தூக்கிவிடலாம். இது இன்னொரு சௌகரியம்.

என்ன தகடு வாங்கலாம்?

கடைகளில் பெரும்பாலும் மூன்று விதம் கிடைக்கின்றன.

முதலாவது, அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் தகடு. கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பெரிய ரூட்டர் மூன்றிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும். அந்தப் பாரம் இரவும் பகலும் தொங்கிக்கொண்டே இருந்தால், பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி நாளடைவில் நடுவில் தொய்ந்து போகும். ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள சின்ன டிரிம்மர் மெஷினுக்கு வேண்டுமானால் கனமான பிளாஸ்டிக் தாங்கலாம்.

இரண்டாவது, பேக்கலைட் வகைத் தகடு. பழைய காலத்துக் கறுப்பு ஸ்விட்சுகள் ஞாபகம் இருக்கிறதல்லவா? 1907-ல் லியோ பேக்லேண்ட் என்பவர் கண்டுபிடித்த பொருள்தான் அது. அதே பிசினைக் காகிதத்திலோ துணியிலோ ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கித் தகடாக்குகிறார்கள். எலெக்ட்ரிகல் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கேட்டால் இந்த இனத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மரம் இதன்மேல் நன்றாக வழுக்கும், கறை படியாது. ஆனால் சில தகடுகள் வாங்கும்போதே கொஞ்சம் வளைந்திருக்கும். பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அலுமினியம். தொய்வு கிடையாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் மேல்பூச்சு இல்லாத வெறும் அலுமினியம், மரத்தின்மேல் கறுப்புக் கறுப்பாகக் கோடு விடும். அலுமினியப் பாத்திரம் தேய்த்த கை கறுத்துப் போகிறதே, அதே சமாசாரம்தான். அதனால் அனோடைஸ் செய்த தகடாகக் கேட்டு வாங்குங்கள்.

கனத்தைப் பொறுத்தவரை, பெரிய மெஷினுக்கு மூன்று நூல், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அலுமினியமானால் இரண்டு நூலே, ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தாங்கும்.

கடைக்குப் போகும்போது ஓர் இரும்பு ஸ்கேலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரியாவிட்டால் தகடு சமம். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். நடுவில் ஒரு மயிரிழை மேடாக இருந்தால் பாதகமில்லை, மரம் பிட்டின் அருகே தகட்டை ஒட்டியே போகும். குழிவாக இருந்தால் பிட்டின் அருகே மரம் அந்தரத்தில் நிற்கும், வெட்டு ஏறி இறங்கி வரும்.

நடுத்துளையில் பொருத்துகிற வளையங்களும் தகட்டோடு வர வேண்டும். சின்ன பிட்டுக்குச் சின்ன வளையம், பெரிய பிட்டுக்குப் பெரிய வளையம். பிட்டைச் சுற்றி அதிக இடைவெளி இருந்தால் சின்ன மரத்துண்டு அந்தப் பள்ளத்தில் முனை கவிழும். உரல் குழியில் கை போகிற மாதிரிதான், ஆபத்து!

தகடு உட்காரும் இடம்

மேஜைப் பலகைக்கு முக்கால் இஞ்சு எம்.டி.எஃப். பலகை இரண்டை ஒட்டி, மேலும் கீழும் சன்மைக்கா ஒட்டுவது வழக்கம். "கீழே யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று மேலே மட்டும் ஒட்டினால், ஒட்டாத பக்கம் ஈரத்தை இழுத்துக்கொண்டு பலகையே வளைந்துவிடும். பலகை வளைந்தால் தகட்டை எப்படி மட்டம் பார்ப்பது?

தகட்டின் அளவுக்குச் சுற்றிலும் ஒரு படி வெட்டி, அதற்கு உள்ளே துவாரம் போட வேண்டும். தகடு உட்காருகிற படி அரை இஞ்சு அகலமாவது இருக்கட்டும். படியின் ஆழம் தகட்டின் கனத்தைவிட ஒரு பொடிக்கு அதிகமாக இருக்க வேண்டும். தகட்டை அடியிலிருந்து ஸ்க்ரூ வைத்து உயர்த்தலாம். படி மேடாக இருந்துவிட்டால் தாழ்த்த முடியாது, மறுபடி செதுக்க வேண்டியதுதான். நாலு பக்கமும் தகடு இறுக்கமாக உட்காரட்டும். இடைவெளி விட்டால் மரத்தூள் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் லூசாக இருந்தால் பலகை வெட்டின் உள்பக்கத்தில் டேப் ஒட்டிச் சரிசெய்யலாம்.

மட்டம் பார்க்கும் முறை

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இங்கே மட்டம் என்றால் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மட்டம் இல்லை. தகடும் மேஜையும் ஒரே தளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேஜை தரையில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வெட்டு கெடாது. தகடு மேஜையைவிட ஒரு காகிதக் கனம் ஏறினாலோ இறங்கினாலோ கெட்டுவிடும்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். படியில் இருக்கிற தூளைப் பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள்.

2. மெஷினைத் தகட்டில் மாட்டிய பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். வெறும் தகட்டில் பார்த்த மட்டம், பாரம் ஏறியதும் மாறிவிடும்.

3. நாலு மூலையிலும் உயர்த்துகிற ஸ்க்ரூ இருக்கும். அதன் நுனி எம்.டி.எஃப். பலகையில் குத்தி இறங்காமல் இருக்க, அடியில் ஒரு வாஷரை வையுங்கள். உயர்த்தும் ஸ்க்ரூ இல்லாத தகடானால், படியின் நாலு மூலையிலும் ஒரு மர ஸ்க்ரூவை இறக்கி, அதன் தலையில் தகட்டை உட்கார வைக்கலாம். ஸ்க்ரூவைத் திருகினால் தகடு ஏறும், இறங்கும்.

4. ஸ்கேலைப் பாதி மேஜையிலும் பாதி தகட்டிலும் படும்படி ஒரு மூலையில் நிறுத்தி, ஸ்க்ரூவைத் திருகி இரண்டையும் சமமாக்குங்கள். இதேபோல மூன்று மூலைகளை முடியுங்கள். நாலாவதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? முக்காலி எப்போதும் ஆடாது, நாற்காலிதான் ஆடும்! நம் பாட்டிமார் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினார்களே, எந்த மேடுபள்ளத்திலும் பானை ஆடவில்லை. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரு தளம் தானாகவே அமைந்துவிடும். நாலாவது புள்ளி அந்தத் தளத்தோடு ஒத்துப்போனால் போதும். எனவே நாலாவது ஸ்க்ரூவைத் தகட்டின் ஆட்டம் நிற்கிற வரைக்கும் மட்டும் உயர்த்துங்கள்.

5. இப்போது தகடு முழுவதையும் தாண்டி, நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்காக ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஸ்கேலுக்கு அடியில் செருகுங்கள். சாதாரண எழுதும் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். தாள் நுழைந்தால் அந்த இடம் இன்னும் சரியாகவில்லை.

6. தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ இருந்தால் மெதுவாக இறுக்கி, மறுபடி பாருங்கள். அதிகம் இறுக்கினால் அதுவே தகட்டைக் கீழே இழுத்துவிடும். மூலைகள் சரியாக இருந்தும் பக்கத்தின் நடு தொய்ந்தால், அங்கேயும் ஒரு ஸ்க்ரூ தாங்கல் கொடுங்கள்.

7. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தகடும் மேஜையும் சேருகிற இடத்தில் நகத்தால் குறுக்கே வருடுங்கள். ஸ்கேலுக்குத் தெரியாத படியும் நகத்துக்குத் தெரியும். வளையத்தின் விளிம்பையும் மறக்காமல் வருடிப் பாருங்கள்.

ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

மேஜையில் மரத்தை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும். பிட் சுற்றுகிற சுற்றுக்கு எதிர்ப்பக்கம் அது. வலது ஓரத்தில் தகடு ஏறியிருந்தால் மரம் அங்கே முட்டும். இடது ஓரத்தில் தகடு இறங்கியிருந்தால், வெளியே போகும்போது மேஜை விளிம்பில் முட்டும்.

முட்டினால் என்ன ஆகும்? எங்கள் ஓரகத்தி மகன் பட்டறையில் நடந்தது இது. மரம் தகட்டு விளிம்பில் நின்றுவிட்டது. "ஏன் நகரலை?" என்று பையன் சற்று பலமாக அழுத்தித் தள்ளினான். சட்டென்று மரம் விடுபட்டு ஓடியது, கையும் கூடவே ஓடியது. நல்லவேளை, நகத்தோடு போயிற்று. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக்கூட அம்மா ஊட்டிவிட வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இஞ்சு அகலமுள்ள பிட், நிமிஷத்துக்கு 24,000 சுற்று சுற்றினால், அதன் முனை மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பறக்கிறது. அதன் எதிரே கை போனால் யோசிக்க நேரம் ஏது?

மெஷினை ஓடவிடும் முன்

புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடுங்கள். கையுறை போடாதீர்கள்; துணி சிக்கினால் கையும் கூடவே போகும். சின்னத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். தடுப்புக்கட்டைக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை எந்த நாளும் நுழைக்காதீர்கள், அம்பு மாதிரி பறந்துவிடும். முதல் வெட்டைக் கழிவுத் துண்டில் போட்டுப் பாருங்கள்.

மரத்தூளும் அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெறும் கைக்குட்டை போதாது, என்-95 முகக்கவசம் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எழும்பி வீடு முழுக்கப் பரவும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வீஸிங் உள்ள குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தகட்டோடு மெஷினைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டால், குழந்தைகள் உள்ள வீட்டில் நிம்மதி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை ஈரம் குடித்துப் பருக்கும். தகடு பருக்காது. போன மாதம் சமமாக இருந்தது இந்த மாதம் படியாக நிற்கும். ஆகவே மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு தடவை ஸ்கேலையும் தாளையும் எடுத்து, நாலு மூலையையும் பார்த்துவிடுங்கள். பால் பொங்குவதற்குள் முடிகிற வேலை இல்லைதான். ஆனால் ஒரு குக்கர் சாதம் ஆவதற்குள் முடிந்துவிடும்.