தந்திக் கம்பமும் காலநிலையும்: பாராளுமன்றப் பேச்சில் விடுபடும் நிலம்

1

1999 அக்டோபரிலிருந்து 2000 ஆகஸ்டு வரைக்கும், ஏறத்தாழப் பத்து மாதம், மத்திய அரசில் மின்சாரம் சம்பந்தப்பட்ட இரண்டு துறைகள் திருச்செங்கோட்டோடு தொடர்புள்ள இரண்டு பேர் கையில் இருந்தன. மின்துறை அமைச்சர் ரங்கராஜன் குமாரமங்கலம். இவருடைய தாத்தா ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன். 1957இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். மரபுசாரா எரிசக்தித் துறையின் தனிப்பொறுப்பு இணையமைச்சர் ம.தி.மு.க.வின் கண்ணப்பன். அப்போதைய திருச்செங்கோடு எம்.பி. நிலக்கரி மின்சாரம் ஒருவரிடம், காற்றும் வெயிலும் இன்னொருவரிடம் என்று சொல்லலாம்.

ஊர்ப்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு வாய்த்த தொகுதியின் நிலம் மின்சாரம் பற்றிய பாராளுமன்றப் பேச்சில் எங்கே வருகிறது என்று தேடினால் வரவே இல்லை. 2008 தொகுதி மறுவரையறையில் திருச்செங்கோடு என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், 2009 தேர்தலிலிருந்து நாமக்கல் ஆகிவிட்டது. ஆனால் நிலம் பேச்சுக்குள் வராமல் போனது தொகுதியின் பெயரால் அல்ல. பேச்சு கட்டமைக்கப்பட்ட விதம் அப்படி.

பாராளுமன்ற விவாதத்தை நாம் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. கவிதையை, சிறுகதையை வரிவரியாகப் பிரித்துப் போடுகிறவர்கள்கூட அவைக்குறிப்பு என்றால் அது வழக்கறிஞர் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். யார் பேசலாம், எந்தச் சொல்லால் பேசலாம், எது கேள்வியாகும், எது கேள்வியாகவே ஆகாது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற சொல்லாடல் அது.

2

காலநிலையும் எரிசக்தியும் அவைக்குள் இரண்டு வேறு வாசல் வழியாக நுழைகின்றன. 2022 ஆகஸ்டு 8 இதற்கு நல்ல சான்று. அன்றைக்கு மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் கொண்டுவந்த இரண்டு மசோதாக்கள் மக்களவையில் இருந்தன.

ஒன்று மின்சாரச் சட்டத் திருத்த மசோதா. ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் மின்வினியோகம் செய்ய வழிவிடுவது. தனியார் வந்தால் விவசாயிகளின் இலவச மின்சாரம் என்னாகும், மாநில உரிமை என்னாகும் என்று எதிர்க்கட்சிகள் எழுந்தன. கூச்சல், எதிர்ப்பு. மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2024இல் 17ஆவது மக்களவையோடு காலாவதியானது.

இன்னொன்று எரிசக்திச் சேமிப்புச் சட்டத் திருத்த மசோதா. கரிமச் சந்தைக்கு இந்தியாவில் சட்ட அடிப்படை போட்டது இதுதான். அதாவது, ஆலைகளுக்கு இவ்வளவுதான் கரிமவாயு விடலாம் என்று அளவு வைப்பார்கள். அளவுக்குக் கீழே விட்ட ஆலைக்குச் சான்று கிடைக்கும். மீறிய ஆலை அந்தச் சான்றை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்யும். வானத்தில் விடுகிற புகை வாங்கி விற்கிற சரக்காகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த மசோதா அன்றே மக்களவையில் நிறைவேறிவிட்டது. டிசம்பர் 12இல் மாநிலங்களவையும் நிறைவேற்றியது.

ஒரே நாள், ஒரே அவை, ஒரே அமைச்சர். மின்சாரம் என்றால் அவைக்குக் கோபம் வருகிறது. கட்டணம், மானியம், மின்வெட்டு எல்லாம் ஓட்டு சம்பந்தப்பட்டவை. காலநிலை என்றால் அவை அடங்கிப்போகிறது. அது நிபுணர் சமாச்சாரம், உலக அரங்கில் நாட்டின் மானம் சம்பந்தப்பட்டது. முதல் வாசலில் நுழைகிறவர் நுகர்வோர், மின்கட்டணம் கட்டுகிறவர். இரண்டாம் வாசலில் நுழைவது தேசம். மின்கம்பி போகிற தோட்டத்தின் சொந்தக்காரரும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற கூலியாளும் எந்த வாசலில் நுழைவது?

3

காலநிலை வாசலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாரிஸ் ஒப்பந்தத்தை இந்தியா 2016 அக்டோபர் 2இல் உறுதிசெய்தது. பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. நம் அரசியல் சட்டப்படி ஒப்பந்தம் போடுவது நிர்வாகத்தின் அதிகாரம்; அதை நிறைவேற்றச் சட்டம் வேண்டுமானால் 253ஆவது பிரிவின்படி பாராளுமன்றம் இயற்றலாம். இயற்றவில்லை. காலநிலைக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, 2030க்குள் 500 கிகாவாட் புதைபடிவம் சாராத மின்திறன் என்ற வாக்குறுதிகளைப் பிரதமர் 2021 நவம்பர் 1இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தார். தேசத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுப் பொருளாதாரத்தைக் கட்டிப்போடுகிற சொல் முதலில் ஸ்காட்லாந்தில் உச்சரிக்கப்பட்டு, பிறகுதான் தில்லிக்கு வந்தது.

அடுத்த மாதமே மக்களவையில் விதி 193இன்கீழ் காலநிலை மாற்றம் பற்றி விவாதம் நடந்தது. தொடங்கிவைத்தவர் தி.மு.க.வின் கனிமொழி. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் விதி 193 என்பது என்ன? பேசலாம், தீர்மானம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. பேசி முடித்ததும் அமைச்சர் பதில் சொல்வார், கலைந்துபோகலாம். அரசைக் கட்டுப்படுத்தாத பேச்சுக்குத்தான் அந்த விதியில் இடம் உண்டு.

கேள்வி நேரத்தின் கதை இன்னும் மோசம். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் 2019 வரை கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தபோது, காலநிலை மாற்றம் பற்றியவை ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தன. அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை வறட்சி, எத்தனை புயல் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

4

இனி, இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்கிற சங்கதி. மின்கோபுரம்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு ஒரு நேர்மின் பாதை வந்திருக்கிறது. 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட், 1700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நிலக்கரி வயல்களின் மின்சாரம் தெற்கே வர என்று போடப்பட்டது. காற்று மிகுந்த மாதங்களில் நம் காற்றாலை மின்சாரம் வடக்கே போகவும் இதே கம்பி உதவும் என்கிறார்கள். ஆக இந்தக் கம்பிக்கு இரண்டு பெயர். ஒரு பக்கம் பார்த்தால் நிலக்கரி, மறுபக்கம் பார்த்தால் பசுமை. 2018 டிசம்பரில் நாமக்கல், ஈரோடு, திருப்பூர் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் இதுபோன்ற உயரழுத்தப் பாதைகளை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்துக்கு மேலே போகிற கம்பியைச் சாலையோரமாகப் பூமிக்கடியில் கொண்டுபோங்கள் என்றார்கள். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, போர் போட ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தவும் முடியாது. ரிக் வண்டி ஊரான திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் கேட்டது நடக்காத காரியமா? இதே திட்டத்தின் இன்னொரு கிளை புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகிறது. 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கேரளத்துக்குள் இதில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பூமிக்கடியில்தான் போகிறது. செலவும் தொழில்நுட்பமும் வேறுபடும், உண்மைதான். 320 கிலோவோல்ட்டும் 800 கிலோவோல்ட்டும் ஒன்றல்ல. ஆனால் எங்கே முடியும், எங்கே முடியாது, யார் செலவில் என்பது அவையில் வைத்துப் பேசவேண்டிய கேள்வி அல்லவா?

பேசமுடியாதபடி சட்டம் இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்திக் கம்பம் நட யார் நிலத்திலும் நுழையலாம் என்று வெள்ளைக்காரனுக்கு அதிகாரம் கொடுத்தது. நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். முடிந்தவரை குறைந்த சேதம், அதற்கு நஷ்ட ஈடு. மறித்தால் மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். ஒல்லியான தந்திக் கம்பத்துக்கு எழுதிய சட்டம் இது. 1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தன் 51ஆவது பிரிவின் வழியாக இதே அதிகாரத்தை மின்கம்பிக்கும் கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164ஆவது பிரிவில் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ரங்கராஜன் குமாரமங்கலம் காலத்தில் வரைவுப் பணி தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகு வேறு அமைச்சர்கள் காலத்தில் நிறைவேறிய சட்டம் அது. நிறைவேறியபோது திருச்செங்கோடு எம்.பி. மரபுசாரா எரிசக்தி அமைச்சராகத்தான் இருந்தார்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையே நின்றுபோனது. தந்தி செத்துப்போச்சு, சட்டம் சாகவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்கியது. ஆனால் மின்பாதை போடுவதற்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்று 60ஆவது பிரிவில் ஒரு உட்பிரிவு வைத்தார்கள். அந்த மசோதா 2023 டிசம்பர் 20இல் மக்களவையிலும் 21இல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில்தான் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைக்கு அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி.யின் பெயர்கூட முதல் பட்டியலில் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே, 1885 இன்னொரு தலைமுறைக்கு நீட்டிக்கப்பட்டது. தொலைபேசிச் சட்டம் என்று நினைத்துக் காலநிலை ஆர்வலர்களும் கவனிக்கவில்லை, விவசாயச் சங்கங்களும் கவனிக்கவில்லை.

நஷ்ட ஈடு? அதுவும் அவைக்கு வெளியேதான். 2015 அக்டோபரில் மின்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. கோபுரக் கால் ஊன்றும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்ந்தது. உயர்ந்ததற்குத் தெருவில் நடந்த போராட்டங்கள் காரணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அது அமைச்சகம் அனுப்பிய கடிதம், சட்டமல்ல. மாநிலம் ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கடைசியில் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்கிற அரிய பறவை மின்கம்பியில் அடிபட்டுச் சாகிறது என்ற வழக்கில், அதன் வாழிடங்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. சூரிய மின்சாரத் திட்டங்கள் தடைப்படும் என்று அரசு முறையிட, 2024 மார்ச் 21இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. அந்தத் தீர்ப்பில்தான் காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காப்புப் பெறுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று முதன்முதலாகச் சொன்னது. பாராளுமன்றம் சொல்லாத உரிமையை நீதிமன்றம் சொன்னது. சொன்ன கையோடு அந்த உரிமையைக் கம்பி மேலே போவதற்கான நியாயமாகவும் ஆக்கியது. இனிமேல் தோட்டத்தில் கோபுரம் நட வருகிறவர் தேசத்தின் வளர்ச்சி என்று மட்டும் சொல்ல மாட்டார், பூமியைக் காப்பாற்ற என்றும் சொல்வார்.

5

இதை வைத்து விவசாயி நல்லவர், அரசு கெட்டது என்று ஒரு எதிர்மறை கட்டிவிடக் கூடாது. கொங்கு வட்டாரத்தின் மின்சார அரசியலுக்கு ரத்தம் தோய்ந்த வரலாறு உண்டு. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1972இல் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிச்சூடு. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது அந்தப் போராட்டங்களின் பலன். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று 2006இல் தொடங்கி, 2016இல் 750 ஆகி, 2023இல் 1000 ஆனது.

இதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் நம் மின்சார அரசியல் முழுதும் கட்டணத்தைச் சுற்றியே சுழன்றதால், அதற்கப்பால் பேச நமக்கும் மொழி இல்லாமல் போச்சு. கிணறு வற்றினால் போர், போர் வற்றினால் இன்னும் ஆழமான போர். தோண்டுகிற ரிக் நம்முடையது, இறைக்கிற கரண்டு இலவசம். நீர்மட்டம் எங்கே போயிற்று என்று கேட்டால் மானியத்தில் கைவைக்கப் பார்க்கிறாயா என்ற சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. மானியத்தில் கைவைக்க நினைக்கிறவர்கள் சுற்றுச்சூழல் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். சொந்தக் கிணறில்லாத, பெரும்பாலும் தலித்துகளான கூலி விவசாயிகளுக்கு இந்த இலவசத்தில் பங்கில்லை. கோபுரத்துக்குக் கொடுக்கிற நஷ்ட ஈட்டிலும் பங்கில்லை. கம்பிக்குக் கீழே மரம் போனால் அவர்களுக்குப் போவது வேலை. அதற்கு எந்த வழிகாட்டுதலிலும் சதவீதம் கிடையாது.

6

அவையின் மொழி இயற்கையானதல்ல, மாற்றக்கூடியதே. உறுப்பினர் எழுத்து மூலம் கேட்கிற கேள்விக்கு அமைச்சகம் பதில் தந்தே ஆகவேண்டும். அந்தப் பதில் நிரந்தர ஆவணம். விதி 377இன்கீழ் தொகுதிப் பிரச்சினையை எழுப்பலாம். தனிநபர் மசோதா நிறைவேறாவிட்டாலும் ஒரு கேள்வியை அவைக்குறிப்பில் ஏற்றி வைக்கும். எரிசக்தி நிலைக்குழு மசோதாக்கள் மீது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்தும் எழுதலாம்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் நாமக்கல், ஈரோடு, சேலம் உறுப்பினர்களிடம் கொடுக்கக்கூடிய கேள்விகள் மூன்று. தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதியை மின்பாதைக்கு மட்டும் உயிரோடு வைத்திருப்பதற்குக் காரணம் என்ன, அதற்குப் பதிலாக நில உரிமையாளரின் ஒப்புதலைக் கோரும் சட்டம் எப்போது வரும்? பசுமை மின்சாரத்துக்கென்று சொல்லிப் போடப்பட்ட ஒவ்வொரு கம்பியிலும் ஆண்டுக்கு எவ்வளவு நிலக்கரி மின்சாரம், எவ்வளவு காற்று, சூரிய மின்சாரம் போகிறது? கம்பிப் பாதையில் வேலை இழக்கிற கூலியாளுக்கு நஷ்ட ஈடு உண்டா, இல்லையா?

மூன்றுக்கும் காலநிலை, எரிசக்தி என்று தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு வாசலையும் சேர்த்துத் திறந்தால்தான் சொல்ல முடியும். அப்போதுதான் அவைக்குறிப்பில் 2070 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் சர்வே எண்ணும் வந்து உட்காரும்.