புகார்களுக்கு ஒரு பேரேடு

"பிரிண்டர் ஓடவில்லை", "கடவுச்சொல் மறந்துபோயிற்று", "கட்டிய பணத்துக்கு ரசீது வரவில்லை" – ஒரு கல்லூரியிலோ கம்பெனியிலோ நாள் முழுவதும் இப்படி முறையீடுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஒன்று தொலைபேசியில் வரும். ஒன்று மின்னஞ்சலில் வரும். இன்னொன்று தாழ்வாரத்தில் ஆளை மடக்கி வாய்மொழியாகச் சொல்லப்படும். பத்து நாள் கழித்து, "என் புகார் என்ன ஆயிற்று?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டவைதான் 'ஹெல்ப்டெஸ்க்' மென்பொருள்கள். காரியாலயத்தின் மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்ததும் அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் பொறுப்பு என்று குறித்து, முடியும்வரை விடாமல் நினைவூட்டுவது இவற்றின் வேலை. 1996-லேயே ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற அமெரிக்கர் 'ரெக்வெஸ்ட் டிராக்கர்' என்ற மென்பொருளை இதற்காக எழுதினார். இன்று 'ஓஎஸ்டிக்கெட்', 'ஸாமட்' என்று பல இருக்கின்றன. இவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். சொந்தச் சர்வரில் காசில்லாமல் நிறுவலாம்.

நிறுவுவது அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. ஓஎஸ்டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் சர்வர் ஒன்று, அதில் வெப் சர்வர், பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் – இவை போதும். கோப்புகளை ஏற்றி, மாதிரி அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்துப் பெயர் மாற்றி, அதில் எழுதத் தற்காலிகமாக அனுமதி கொடுத்துவிட்டு, பிரவுசரில் திறந்தால் ஒரு படிவம் வரும். பூர்த்தி செய்தால் தீர்ந்தது. பிறகு அந்த எழுதும் அனுமதியை ரத்து செய்து, 'செட்அப்' என்ற கோப்புறையையும் அழித்துவிட வேண்டும். வீடு கட்டி முடித்த பின்னும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டால் அது திருடனுக்கு ஏணி அல்லவா?

தபால்தான் தலைவலி

அந்தப் படிவத்தில் ஒரு வேடிக்கை. ஹெல்ப்டெஸ்க்கின் மின்னஞ்சல் முகவரியும் நிர்வாகியின் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. காரணம் இருக்கிறது. "புதுப் புகார் வந்திருக்கிறது" என்று நிர்வாகிக்குப் போகும் அறிவிப்பு, அதே பெட்டியில் வந்து விழுந்தால், அதுவே இன்னொரு புகாராகப் பதிவாகும். அதற்கும் ஓர் அறிவிப்பு போகும். விடுமுறையில் சென்றவரின் தானியங்கிப் பதிலும், நம் மென்பொருளின் தானியங்கிப் பதிலும் விடிய விடிய ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பதும் உண்டு! இதைத் தடுக்கவே, 'இது இயந்திரம் அனுப்பியது' என்று கடிதத்தின் தலைப்பிலேயே குறிக்கும் முறையை 2004-ல் வகுத்தார்கள்.

கடவுச்சொல்லை மட்டும் காட்டித் தபால் எடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. 'ஓஆத்' என்ற அனுமதிச்சீட்டு முறை வேண்டும் என்றது. நாம் அனுப்பும் பதில் ஸ்பாம் குப்பையில் விழாமல் இருக்க, எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற அத்தாட்சிகளை டொமைனில் பதிய வேண்டும். நிறுவ ஒரு மணி நேரம் என்றால், தபாலைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

இவ்வளவு பாடு எதற்கு?

புகார்ப் பேரேடு என்பது அந்தரங்கங்களின் பெட்டகம். பெயர், தொலைபேசி எண், சண்டை, சச்சரவு எல்லாம் அதில் இருக்கின்றன. அது யார் கையில் இருக்கிறது என்பது சாமானிய விஷயமல்ல. ஜெர்மனியில் மார்ட்டின் எடென்ஹோஃபர் 2001-ல் தொடங்கிய 'ஓடிஆர்எஸ்' உலகெங்கும் பரவியிருந்தது. அதன் இலவசப் பதிப்பை இனிப் பராமரிக்கப் போவதில்லை என்ற செய்தி 2020 டிசம்பரில் வந்தது. மூல நிரல் திறந்திருந்ததால் 'ஸ்னூனி' என்ற பெயரில் வேறு சிலர் அதைத் தொடர்ந்தார்கள். பழைய பேரேடுகள் பிழைத்தன. எடென்ஹோஃபரோ அதற்கு முன்பே விலகி, ஸாமட்டைத் தொடங்கிவிட்டார்.

ஆனால் சொந்தச் சர்வர் என்றால் காவலும் சொந்தக் காவல்தான். பாதுகாப்புத் திருத்தங்களை வந்தவுடன் போட வேண்டும். தினமும் நகல் எடுக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓஎஸ்டிக்கெட்டில் அது போதாது. தபால் பெட்டியின் கடவுச்சொற்களைப் பூட்டும் ரகசியச் சாவி, முன்பு சொன்ன அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அது தொலைந்தால் அவற்றைத் திறக்க வழியில்லை. எடுத்த நகலை வேறொரு சர்வரில் ஏற்றி, புகார்கள் திரும்பி வருகின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் இல்லாத காரியாலயம் வாடகைச் சேவையை நாடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். 2010-ல் நம் சென்னையிலேயே பிறந்த 'ஃபிரெஷ்டெஸ்க்' அந்த ரகம்தான். ஆள் கணக்கில் கட்டணம். ஆளும் இருந்து ஆர்வமும் இருந்தால், பழைய கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டு, ஒரு மாதம் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம்.